பிரித்துப் போட்டவள்

தெருவில் அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும்போது கொஞ்சம் மரியாதையும், முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது நிறைய எரிச்சலும் அந்தப் பெயரில் இருந்தன. நகராட்சியில் அவளுக்குச் சம்பளமும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துத்தான் போட வேண்டும் என்று விதி வந்தபோது, தெருவுக்கு ஒருவர் முன்வந்து மேற்பார்வை பார்க்கலாம் என்றார்கள். அவள் முன்வந்தாள். ஒரு பச்சை மேலங்கியும் ஒரு கட்டு சிவப்பு ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். பிரிக்காத தொட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் லாரிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

அந்த லாரியை ஓட்டியவர் அவள் கணவர்.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சு அற்றுப்போயிருந்தது. உப்புப் போதுமா, போதும். விளக்கை அணைக்கவா, அணை. அவ்வளவுதான். குப்பை வந்த பிறகு அவளுக்குப் பேச விஷயம் கிடைத்தது. சமையலறைக் கழிவு ஒரு நாள், பாட்டில் தகரம் காகிதம் ஒரு நாள், தோட்டக்கழிவு ஒரு நாள் என்று லாரி வரும். அவள் ஒவ்வொரு பாட்டிலையும் அலசி ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பாள். பால் உறைகளை வெட்டிப் பிரித்துக் கழுவித் துணிக்கொடியில் காயப்போடுவாள். வேலிச்செடியை வெட்டினால் குச்சிகளை ஒரே அளவாக நறுக்கிச் சணல் கயிற்றால் கட்டி வைப்பாள். இதெல்லாம் உரமாகப் போகிறது, அதெல்லாம் புதுப் பாட்டிலாகப் போகிறது என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொல்வாள். அவர் தலையாட்டியபடி சாப்பிடுவார்.

சும்மா சொல்லக் கூடாது, தெரு நிஜமாகவே மாறியது. நாய்கள் பையைக் கிழித்து இழுத்துப் போடுவது நின்றது. சைக்கிள் கடைக்காரர்கூட எண்ணெய்த் துணியைத் தனியாகக் கட்டி வைக்கப் பழகினார். பாதிப் பேர் பயத்தில் செய்தார்கள். எதில் செய்தால் என்ன என்பது அவள் கட்சி.

அவள் தங்கை மாடியில் இருந்தாள். அப்பா வீட்டைக் கீழே மூத்தவளுக்கு, மேலே இளையவளுக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். தங்கை கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி வெகுநாள் ஆகியும் குழந்தை இல்லை. இப்போதைக்கு வேண்டாமென்று இருக்கிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அக்காவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் காலையில் லாரியில் குப்பை ஏற்றுகிறவர் கையை உதறிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தூக்கிய பைக்குள் இருந்த ஊசி கையுறையைக் கிழித்து விரலில் ஏறியிருந்தது. ரத்தம் ஒரு பொட்டுதான் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் பல மாதம் வந்துபோக வேண்டும், மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு இரண்டு சின்னப் பெண்கள். அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததை அவள் பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த தடவை லாரி வருவதற்கு முன்பே மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நடுத்தெருவில் பழைய விரிப்பு ஒன்றைப் போட்டு, வாசல் வாசலாகப் பைகளைத் தூக்கிவந்து அவிழ்த்தாள். தையல்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வாத்தியார் நின்றார். தன் வீட்டு வாசலில் இருந்த பைகளையும் கொண்டுவந்தாள்.

"உங்க வீட்டுது எதுக்கும்மா, விடுங்க," என்றார் வாத்தியார்.

"என் வீடுன்னு விட்டா நாளைக்கு நீங்களே ஒரு மாதிரி பேசுவீங்க சார்."

மாடிவீட்டுப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஊசிகள் உருண்டு விழுந்தன. கூடவே சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள், ஒரு அட்டைப்பெட்டி. தையல்காரர் மனைவி குனிந்து பெட்டியை எடுத்துப் பார்த்தாள்.

"இது குழந்தை உண்டாகறதுக்குப் போடற ஊசியாச்சே. என் நாத்தனாருக்கு இதைத்தான் போட்டாங்க," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தங்கை வேலைக்குக் கிளம்பிக் கைப்பையோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். இறங்கி வந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தச் செய்தித்தாளிலேயே சுற்றிக்கொண்டு திரும்பி மேலே போனாள். அதற்குள் லாரியும் வந்து நின்றிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு தெருவோடு நிற்கவில்லை. தங்கையின் மாமியார் காதுக்குப் போயிற்று. குறை யாரிடம் என்று கேட்டு அந்த அம்மாள் வந்து உட்கார்ந்துகொண்டாள். குறை தன் மகனிடம் என்பதை அவள் நம்பத் தயாராக இல்லை. தங்கையின் கணவன் நாலு பேர் பேசுவதைத் தாங்குகிற ஆள் இல்லை. சிகிச்சையே வேண்டாம், விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான். மாத முடிவில் மாடியைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். தங்கை சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று இரவு அக்காள் தன் கணவரிடம் கேட்டாள், "நான் செஞ்சது சரிதானே?"

"சரிதான்," என்றார் அவர்.

அடுத்த வருஷம் ஒரு புயல் அடித்தது. தெருவில் மரங்கள் முறிந்து கிளைகள் மலையாகக் குவிந்தன. ஏற்றுகிற ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. உரக்கிடங்கில் கிளைகளை இறக்க நானும் வருகிறேன் என்று அவள் லாரிக் கதவைத் திறந்தாள்.

"வேண்டாம், நாத்தம் தாங்க முடியாது," என்றார் அவர்.

"எனக்கா? நல்லா சொன்னீங்க போங்க," என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டி ஒரு மண்பாதை. பச்சை இலை வரைந்த பெரிய பலகை. அதன் பின்னால் பூட்டிய கொட்டகை. கம்பிவலை வழியாகப் பார்த்தால் தரம் பிரிக்கும் எந்திரத்தின் பெல்ட் அறுந்து தொங்கியது. அதன் மேல் செடிகொடி படர்ந்திருந்தது. லாரி நிற்காமல் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு பெரிய குழியின் விளிம்பில் பின்பக்கமாக நின்றது. அவர் விசையை இழுத்தார். கிளைகள் சரிந்தன. கீழே சமையலறைக் குப்பை, அதன் மேல் பாட்டில்கள், தகரம், மெத்தை, மறுபடி சமையலறைக் குப்பை. அலசிய பாட்டில்களும் அலசாத பாட்டில்களும் ஒரே சேற்றில் கிடந்தன. பக்கத்தில் இன்னொரு லாரி வேறு ஏதோ தெருவின் காகிதக் கட்டுகளை அதே குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் இறங்கி விளிம்புவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"முதல்ல கொஞ்ச நாள் பிரிச்சாங்க. பெல்ட் அறுந்துச்சு. அப்புறம் யாரும் மாட்டல."

"இத்தனை வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம எப்படி? நான்தானே கொட்டறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அவர் லாரியின் கண்ணாடியைத் துடைத்தார். "நீ என்கிட்ட பேசறதே குப்பையைப் பத்தித்தான். அதையும் சொல்லி நிறுத்திட்டா வீட்ல என்ன இருக்கு?"

"அவ போனப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லணும்னுதான் வந்தேன். நீ சரிதானேன்னு கேட்டே. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

அவள் லாரியிலிருந்து இறங்கி மண்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். அவர் கொஞ்ச தூரம் பின்னாலேயே மெதுவாக ஓட்டிவந்தார். பிறகு தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே தங்கையின் வீட்டுக்குத்தான் போனாள். குறுகலான கட்டடம். படிக்கட்டில் வெளிச்சம் இல்லை. தங்கை கதவைத் திறந்து, அவள் செருப்பில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அக்காள் தானாகவே உள்ளே போய் நின்றாள்.

"எல்லாத்தையும் ஒரே குழியில கொட்டறாங்கடி. பிரிச்சது பிரிக்காதது எல்லாம் ஒண்ணாத்தான் போகுது. என் கண்ணால பார்த்துட்டு வரேன். உங்க மாமாவுக்குத் தெரியும், சொல்லல. ஒண்ணுமில்லாததுக்காக உன்னைப் போய் நான்..." அழுதாள்.

அக்காள் அழுது முடியும்வரை தங்கை பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள், "அப்போ தனித்தனியா கொட்டியிருந்தா நீ செஞ்சது சரியாக்கா?"

அக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஊசி குத்தினது நிஜம். என் தப்புதான். அந்த அண்ணனை நான் ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன், உனக்குத் தெரியுமா? அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டினார், வாங்கிக்கிட்டேன். நீ மாடி ஏறி வந்து திட்டியிருந்தா அதையும் வாங்கிக்கிட்டிருப்பேன். ஒரு மாடிதான். நீ தெருவுல விரிச்சே."

"எனக்கு அது என்ன ஊசின்னு தெரியாதுடி."

"வாசல்ல இருந்தது ரெண்டே வீட்டுப் பை. உன்னுது இல்லன்னா என்னுதுன்னு தெரியும் இல்ல? தெரிஞ்சுதானே கொட்டினே. நீ நேர்மையானவள்னு நாலு பேர் பார்க்கணும். அதுக்கு என் பை வேணும்."

உள் அறையில் ஒரு கட்டில் மட்டும் தெரிந்தது. அதில் ஒற்றைத் தலையணை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்க அக்காள் வாயெடுத்தாள். தங்கை அந்தப் பார்வையைக் கவனித்து எழுந்து அந்த அறையின் கதவைச் சாத்தினாள்.

"கிளம்புக்கா. நான் வேலைக்குப் போகணும்."

அந்த வாரம் தெருவில் எல்லாரிடமும் அவள் உண்மையைச் சொன்னாள். நகராட்சியைத் திட்டுவார்கள், சேர்ந்து போய்க் கேட்கலாம் என்று நினைத்தாள். அவர்கள் அவளைத்தான் திட்டினார்கள்.

"இத்தனை வருஷம் எங்களைப் பாட்டில் கழுவ வெச்சு வேடிக்கை பார்த்தியே," என்றாள் தையல்காரர் மனைவி. "உன் வீட்டுக்காரர்தானே லாரி ஓட்டறார். உனக்குத் தெரியாதுன்னா யார் நம்புவா?"

யாரும் நம்பவில்லை. கேலிக்குக்கூட யாரும் அவளை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடவில்லை. ஒரே பையில் எல்லாவற்றையும் அடைத்து, சில பேர் அதைக்கூடக் கட்டாமல், அவள் பார்க்கும்படியாகவே வைத்தார்கள்.

அவள் நகராட்சி அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "தெரியும்மா. ஆனா ஜனங்களுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது பாருங்க. அதுக்குத்தான் உங்களை மாதிரி ஆளுங்க," என்றார். அவள் மேலங்கியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு தன் துணிமணிகளையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு மாடிக்குக் குடிபோனாள். சமைப்பது கீழேதான். அவர் வருவதற்குள் மூடி வைத்துவிட்டு ஏறிவிடுவாள்.

ஒரு நாள் அவர் பாதிப் படிவரை ஏறிவந்து நின்றார்.

"ஏதாவது பேசேன்," என்றார்.

அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதைப் பத்தி?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் யோசித்தார். கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்துவிட்டு இறங்கிப் போனார்.