லில்லியின் முட்டியை உடைத்தது யார்

திருத்தணியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் லில்லியின் கதையைச் சினிமாவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் பெண்கள் கபடியில் அவள் பாடிக்கொண்டு போனால் எதிரணி பின்வாங்கும். இப்போது அறுபதை நெருங்கிவிட்டாள். வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடை. மணவூரிலிருந்து கணவன் ஜெயபாலோடு ரயிலேறிப் படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தாள். இத்தனை வருஷம் கழித்துத் தன்னை நினைக்க ஆள் இருக்கிறதே என்று மனசு குளிர்ந்திருந்தது.

அன்று முக்கியமான காட்சி என்றார்கள். கதாநாயகி பாடிக்கொண்டு போகிறாள். குடிபோதையில் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவள் தலைமயிரைப் பற்றி இழுத்து, கட்டையால் முட்டியில் அடிக்கிறான்.

"அது யாருங்க?" என்று பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் மேடம்."

ஜெயபால் குடித்து யாரும் பார்த்ததில்லை. அந்த நாளில் அரைக்கால் சட்டை போட்ட பெண்டாட்டியைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறானே என்று சர்ச் வாசலிலேயே சிரித்தார்கள். அவன் மிதித்துக்கொண்டே போனான்.

லில்லி ஆடுகளத்துக்குள் நடந்து நடுக்கோட்டில் நின்றாள். டைரக்டர் உதயா ஓடிவந்தான்.

"கேமரா ஓடுது மேடம், தள்ளிக்கங்க."

"என் முட்டிய உடைச்சது அவர் இல்ல. பாய் போடாம, கருங்கல்லாட்டம் தரையில எங்கள ஆட வுட்டாங்க. உழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவ ஒரு வண்டி தரல. அப்புறம் வேலை கேட்டுப் போனா, நொண்டிக்கு இன்னா வேலைன்னு கேட்டாரு கபடிச் சங்கத்துத் தலைவரு. அத எடு."

"அத எடுத்தா சங்கத்துல படத்துக்கு ஆடுற பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்க மேடம். புருஷன் அடிச்சாதான் ஜனங்களும் அழுவாங்க. சாரே ஒத்துக்கிட்டாரே."

லில்லி திரும்பினாள். ஜெயபால் தலைகுனிந்து நின்றான்.

"உனக்குப் பேர் வரும்னாங்க லில்லி. இல்லன்னா படமே இல்லன்னாங்க. நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன்னு சொல்ட்டேன்."

"படத்துலேர்ந்து என் பேர எடுத்துடு" என்று உதயாவிடம் சொல்லிவிட்டு, மடங்காத காலை நீட்டி நடுக்கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். எழவில்லை. கூட்டமாக நடிக்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த தறிக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளிச்சம் போய்விட்டது. உதயா பேக்கப் சொன்னான்.

திரும்பும் ரயிலில் அரக்கோணம் தாண்டியதும் அவள் கேட்டாள்: "எனக்குப் பேர் வர்றதுக்கு உங்க பேர யாருங்க குடுக்கச் சொன்னது?"

"தப்புதான்."

"ஆங், தப்புதான்."

படம் வேறு ஊரில், வேறு பெயரில் எடுக்கப்பட்டு வந்தது. அதிலும் புருஷன்தான் அடிக்கிறான். கடைசியில் சங்கத் தலைவர் கிழவியான கதாநாயகிக்கு மாலை போடுகிறார். சர்ச்சில் ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு அழுததாகச் சொன்னாள். லில்லி அவளை வெளியே நிறுத்தி, நடந்தது முழுவதையும் சொன்னாள். ஜெயபால் போதும் என்று கையைப் பிடித்தும் அவள் நிறுத்தவில்லை.