கழுவிக் காயவைத்த பால் கவர்

எங்கள் சந்துக்கு ரோடு வந்ததற்கு நான்தான் காரணம். வீடுகள் போனதற்கும் நான்தான். சந்துக்காரர்கள் யாரும் இதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் பரவாயில்லை.

என் பெயர் பாஞ்சாலி. ராஜா அண்ணாமலைபுரத்தில் குப்பை பிரிக்கிற ஷெட்டில் பதினோரு வருடமாக வேலை. பிளாஸ்டிக்கைப் பிரித்து, மிஷினில் போட்டுப் பொடிப்பொடியாக வெட்டி அனுப்புவோம். ரோடு போடும்போது சூடான ஜல்லிமேல் அதைத் தூவுவார்கள். அது உருகி ஜல்லியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார். தண்ணீர் இறங்காது, குழி விழாது என்பார்கள். பால் கவர், மளிகைக் கவர் எல்லாம் ஆகும். பைப், ரெக்சின் ஆகாது, சூடேறினால் விஷப்புகை. எது ஆகும், எது ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவேன். இந்தக் கைக்கு அந்தத் திமிர் உண்டு.

எங்கள் வீடு அடையாற்றங்கரையில், நாலாவது சந்தில். சந்து என்று பெயர்தான், உள்ளே முழுக்கச் சேறு. பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசா அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவர் வீட்டுக்காரர் வலியுல்லா பாய் தள்ளுவண்டியில் தக்காளி விற்பவர். அந்த வண்டியில் அக்காவைப் படுக்கவைத்து ஆறு பேர் தள்ளினோம். சக்கரம் இரண்டு தடவை புதைந்தது. அக்கா பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சேற்றைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அதே சேறு ஒருமுறை எங்களைக் காப்பாற்றியதை வசதியாக மறந்துவிட்டேன். ஆற்றுப் புறம்போக்கு என்று சொல்லி இடிக்க ஜேசிபி வந்த நாள் அது. சந்து முனையிலேயே மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உறுமியது. நாங்கள் பெண்களெல்லாம் நின்று சிரித்தோம். கடைசியில் ஒரு லாரி வந்து இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் மூன்று வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

போன வருடம் ஷெட்டுக்குக் கார்ப்பரேஷன் எஞ்சினியர் ஒருவர் வந்தார். "உங்க சந்து ஜனங்களே ஒரு டன் பிளாஸ்டிக் சேர்த்துக் குடுங்கம்மா. அதை வெச்சு உங்க சந்துக்கே ரோடு போட்டுடலாம். போட்டோ எடுக்கவும் நல்லாருக்கும்" என்றார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். கரண்ட் பில், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவைக்கிறவர்கள் நாங்கள். எவனாவது வந்து கேட்டால் எடுத்து நீட்ட வேண்டுமே. ரோடு அந்தப் பையைவிடப் பெரிய அத்தாட்சி என்று நினைத்தேன். அவர்களே ரோடு போட்ட இடத்தை அவர்களே இடிப்பார்களா? வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன்.

"ரோடு மட்டும் வந்துட்டா நம்மள எவனும் அசைக்க முடியாது பாய்."

வலியுல்லா பாய் தாடியைச் சொறிந்தார். "ரோடு வந்தா எல்லா வண்டியும்தாம்மா வரும்."

"ஆம்புலன்சும் வரும்ல?"

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் அவருடைய வண்டியில் தக்காளிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மூட்டை இருந்தது.

ஏழு மாதம் சேர்த்தோம். எல்லார் வீட்டுக் கொடியிலும் துணிக்கு நடுவே பால் கவர் காய்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து நிலா என்ற பெண் வேடிக்கை பார்க்க வருவாள். அவளுக்கும் கற்றுக்கொடுத்தேன். மூலையை வெட்டிப் பிரி, சோப்புத் தண்ணீரில் முக்கு, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடு. ஒரு துண்டு ரெக்சின்கூடக் கலக்காமல் ஒரு டன்னையும் நானே பிரித்தேன். அதைவிடச் சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

ரோடு போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா செருப்பில்லாமல் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. ஆணியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மாட்டிக்கொள்ளும், இதோ மாட்டிக்கொள்ளும் என்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வழுக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றது. பையை யாரும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு வீடும் முடிந்தது. டிரைவர் இறங்கித் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. குடித்துவிட்டுக் காலால் ரோட்டைத் தட்டினான்.

"சூப்பர் ரோடுக்கா. மத்த எடத்துல மண்ணு கொட்டி லெவல் பண்ணவே ரெண்டு நாள் பூடும். இங்க நேரா வந்துட்டேன்."

மூட்டை கட்டிக்கொண்டிருந்த வலியுல்லா பாயின் காதில் அது விழுந்தது. தலை நிமிரவில்லை. அக்கா மட்டும் என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

இப்போது ஊருக்கு வெளியே, மாற்று வீடு என்று கொடுத்த ஆறாவது மாடியில் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறி அதே ஷெட்டுக்கு வருகிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

போன வாரம் ஷெட் வாசலில் நிலா வந்து நின்றாள். தலையில் பெரிய மூட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க தெருவுக்கும் ரோடு போட்டுத் தர்றாங்களாம்க்கா. ஒரு டன் கேட்டுகீறாங்க."

"உங்க தெருவுல சேறு கீதா?"

"முட்டி வரைக்கும் கீது. அதுக்குத்தானே."

"அது அப்படியே கெடக்கட்டும் நிலா. இத்த எடுத்துக்கினு வூட்டுக்குப் போ. எங்க சந்துக்கு இன்னா ஆச்சுன்னு பாத்தல்ல?"

அவள் சிரிப்பு நின்றது. "உங்களுக்குப் போச்சுன்னு எங்களுக்கும் வரக்கூடாதாக்கா? ரோடே போட்டுட்டா எங்கள எப்படி அசைப்பாங்க?"

என்னைத் தாண்டி உள்ளே போய் மூட்டையை அவளே எடை மிஷினில் வைத்தாள். பிரிப்பது என் வேலை. வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். ஒவ்வொரு கவரும் மூலை வெட்டி, உள்பக்கம் திருப்பி, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஆகாது என்று தள்ளுவதற்கு ஒன்றுகூட இல்லை.