வளர்ற பிள்ளை

என் வீட்டுக்காரருக்குத் தையல் கடையில் வேலை. பள்ளிச் சீருடைதான் அதிகம். எங்களை விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் அவர்தான். நான்கு வருடம் கழித்து எங்களை வரவழைத்தபோது, மகளுக்கென்று ஒரு அலமாரி நிறைய உடுப்பு தைத்து வைத்திருந்தார். போட்டுப் பார்த்தால் கைவிரலே வெளியே தெரியவில்லை. மனிதர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? போனில் ஒரு வார்த்தை அளவு கேட்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இங்கே எந்த அளவில் வெட்டுவார்களோ, அதிலேயே வெட்டித் தைத்துவிட்டார். முதலாளி மகளுக்கும் அதே வயதுதான், போட்டுப் பார்த்ததில் கச்சிதமாக இருந்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முதலாளி வீட்டுப் பொண்ணும் நம்ம பொண்ணும் ஒண்ணா?” என்றேன்.

“வளர்ற பிள்ளைதானே. இங்க வந்துட்டாள்ல, கிடுகிடுன்னு வளந்துடுவா பாரு” என்று சிரித்தார்.

மகள் அதை அப்படியே நம்பினாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். வைத்ததையெல்லாம் மூக்குப் பிடிக்கத் தின்றாள். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினாள். வகுப்பில் ‘பொடிசு’ என்று கூப்பிட்டவர்களிடம், “அடுத்த வருஷம் பாருங்க” என்று சவால் விட்டு வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவர் கிளம்பும்போது என் வயிற்றில் இருந்து, மூன்று வயதில் எங்களோடு வந்த தம்பிதான் மளமளவென்று வளர்ந்து, ஆறு வயதில் அவள் தோளைத் தொட்டான்.

பதினாறு வயதில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு வளர்கிற இடம் மூடிவிட்டது, இனி ஊசி மருந்துக்கெல்லாம் அசையாது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “சின்ன வயசுல ஒழுங்கா சாப்பாடு குடுத்தீங்களாம்மா?”

“இருந்தன்னைக்கு குடுத்தேன்” என்றேன். ஊரில் ஒருவேளைச் சோற்றுக்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் நல்லவர்தான். ஆனாலும் நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர், அவள் கால் தரையில் படாமல் தொங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டேன். வழக்கம்போல அவள் தட்டில் இரண்டு முட்டை வைத்தேன். எடுத்துத் தம்பி தட்டில் போட்டாள்.

“ஏன்டி?”

“அவன் தின்னட்டும்மா. அவனுக்காவது உடம்புல ஒட்டும். எனக்கு இனிமே எதுக்கு வீணா?”

கோபத்தில் சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். தம்பி இரண்டையும் தின்றான். அவள் பசியோடுதான் எழுந்து போனாள். பெற்றவள் எனக்குத் தெரியாதா?