தேங்க் யூ சொல்லும் வரை

அந்தப் பொறியியல் கல்லூரியில், மேடையேறி மைக்கில் இங்கிலீஷில் சொன்னது எதுவானாலும் பதினொரு மணி டீ இடைவேளைக்குள் உண்மையாகிவிடும். அதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. கையேட்டில் நாலாம் பக்கத்தில், மெஸ் நேரத்துக்குக் கீழே, அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். போன வருஷம் ஒரு பையன் பதற்றத்தில் தனக்கு நாற்பது வயது என்று சொல்லிவிட்டான். டீ கையில் இருக்கும்போதே அவனுக்கு முன்மண்டையில் முடி கொட்டியது. பாவம் என்று ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் இங்கிலீஷ் மட்டும்தான். இலக்கணம், இருநூறு வார்த்தை, உச்சரிப்பு. கடைசியில் செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன். ஒவ்வொருவராக மேடையேறித் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிவில் தேங்க் யூ சொல்ல வேண்டும். தேங்க் யூ சொல்லிவிட்டால் பதிவு முடிந்தது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் திருத்த முடியாது.

என்ன சொல்வது என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. அதற்கு ஒரு ஜெராக்ஸ் இருக்கிறது. எந்தக் காலத்திலோ எந்த மகராசனோ எழுதியது. சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிக்கொள், மற்றதில் கை வைக்காதே. என் அப்பா பிசினஸ்மேன். என் அம்மா ஹவுஸ் வொய்ஃப். நாங்கள் மகிழ்ச்சியான குடும்பம். என் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. என் பலம் கடின உழைப்பு. என் பலவீனம் எல்லாரையும் சுலபமாக நம்பிவிடுவது. தேங்க் யூ.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து அறுபத்தொரு பேர் இதைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அறுபத்திரண்டாவது ஆள் சுடலைவடிவு. தூத்துக்குடிப் பக்கம். கடைசி நாளில் வந்து சேர்ந்ததால் கடைசி நம்பர். அப்பா லாரியில் அடிபட்டுச் செத்து ஆறு வருஷம். அம்மா பூங்கனி உப்பளத்தில் உப்பு வாருகிறவள்.

வடிவும் ஜெராக்ஸைத்தான் சொன்னாள். "மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன். மை மதர் இஸ் எ ஹவுஸ் வொய்ஃப்." அதைச் சொன்னபோது அவளுக்கு ஒரு விநாடி நிம்மதியாக இருந்தது. உப்பளம் என்று சொல்லாமல் தப்பித்தோமே என்ற நிம்மதி. அந்த ஒரு விநாடியை நினைத்து அவள் பின்னால் பல்லைக் கடித்தாள்.

அதற்குள் டீ மணி அடித்துவிட்டது.

"மீதிய நாளைக்கு சொல்லும்மா" என்றார் இங்கிலீஷ் வாத்தியார் திருமலைக்கொழுந்து.

டீ வாங்கக்கூட இல்லை, போன் வந்தது. அம்மா வேலை பார்க்கும் உப்பளத்துக் கங்காணி.

"ஏட்டி வடிவு, ஒங்கம்மய எங்கட்டி? இங்கதான் வாரிக்கிட்டு நின்னா. பலகைய பாத்திக்குள்ள போட்டுட்டு ஆளக் காணும்."

கல்லூரி வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கினார். அறுபத்திரண்டு பேருக்கும் அவர்தான் அப்பா. வகுப்பில் யார் யாருக்கு உயிரோடு அப்பா இருந்தாரோ அவர்கள் எல்லாரும் அவருக்குள் சேர்ந்துவிட்டார்கள். அதனால் பெரிய தொப்பை. ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து, "ஸ்டடீஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வடிவின் தலைக்கும் கை வந்தது.

"நீங்க என்ன பிசினஸ்?" என்று வடிவு கேட்டாள்.

"பிசினஸ்" என்றார் அவர்.

"அதான், என்ன பிசினஸ்?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தலைக்குப் போனார். மற்ற பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அவர்களுடைய பலவீனம்தான் எல்லாரையும் நம்புவதாயிற்றே. வடிவு அந்த வாக்கியம் வரை வரவில்லை. அதனால் அந்த வளாகத்தில் கோபப்பட வழியிருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

மெக்கானிக்கல் கட்டடத்துக்குப் பின்னால், காலையில் வெறும் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு இருந்தது. 'ஹவுஸ்' என்று போர்டு. கதவுக்கு வெளியே பூட்டு இல்லை, உள்ளே கைப்பிடி இல்லை. தள்ளினாலும் திறக்கவில்லை. வடிவு ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

உள்ளே அறுபத்திரண்டு அம்மாக்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வந்திருந்தாள். பூப்போட்ட நைட்டி அவள் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. காக்கி இடுப்புக்கு மேலேதான் மிச்சம். இன்னொருத்தியின் மடியில் விற்காத மீன் ஈரச் சாக்கோடு கிடந்தது. அறுபத்தொரு அம்மாக்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகிழ்ச்சியான குடும்பம். பூங்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கான அந்த வாக்கியத்தை வடிவு இன்னும் சொல்லவில்லை. அம்மாவின் சிரிப்பு நாளைக் காலைக்குப் பாக்கி நின்றது.

"எம்மா. எந்திரிம்மா."

பூங்கனி திரும்பிப் பார்த்தாள். "ஹலோ, டியர்" என்றாள்.

அந்த வாய் பதினெட்டு வருஷமாக அவளை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. கோபம் வந்தால் 'ஏட்டி', பாசம் வந்தாலும் 'ஏட்டி'. வடிவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கீழே பார்த்தாள். அம்மாவின் பாதம் மொழுமொழுவென்று இருந்தது. உப்பு அறுத்த வெடிப்பு ஒன்றுகூட இல்லை. இருபது வருஷம் அவள் பாத்தியில் நின்றதற்கு இருந்த ஒரே அத்தாட்சியைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். கேட்காமல் எடுத்துவிட்டார்கள். யார் வீட்டுக் காலென்று எடுத்தார்கள்?

வடிவு நேராகக் கொழுந்து சாரிடம் போனாள். அவர் கழுத்தில் ஒட்டியிருந்த தபால்தலையை உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மேடையில் தன் பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பு என்று சொன்னவர். அன்றிலிருந்து உடம்பில் எங்காவது முளைத்துக்கொண்டே இருக்கிறது.

"சார், எங்கம்மாவ வெளிய விடச் சொல்லுங்க."

"இன்னும் தேங்க் யூ சொல்லலல்ல? அப்ப நாளைக்கு மாத்திச் சொல்லலாம்மா. ஆனா இருநூறு வார்த்தைக்குள்ள சொல்லணும்."

அவர் பட்டியலை நீட்டினார். தொழில் என்ற தலைப்பில் டாக்டர், இன்ஜினியர், டீச்சர், பிசினஸ்மேன், ஹவுஸ் வொய்ஃப் இருந்தன. அஸ்ட்ரோநாட் கூட இருந்தது. உப்பளம் இல்லை.

"அஸ்ட்ரோநாட் எத்தன பேரு சார் இந்த ஊர்ல இருக்காவ?"

"யாரும் இல்ல. உச்சரிப்புக்கு நல்ல வார்த்தை" என்றார் சார். காதுக்குப் பின்னால் புதிதாக ஒன்று முளைத்தது. "பட்டியலுக்கு வெளிய வார்த்தை வேணும்னா ஆபீஸ்ல ஃபார்ம் வாங்கும்மா."

ஆபீசுக்குப் போகும் வராந்தா தமிழில் நினைத்தால் நீளும். இங்கிலீஷில் நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டு நிமிஷத்தில் போய்விடுவார்கள். வடிவு வழிநெடுக மனதுக்குள் தமிழில் திட்டிக்கொண்டே போனாள். எழுத முடியாத திட்டு. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு தூண் கூடியது. போய்ச் சேரும்போது மணி மூன்றரை.

ஆபீஸ் ஜன்னலுக்குள் கிளார்க் அருள்மணி மேடம் இருந்தார்கள்.

"என்ன வேணும்?"

"எங்கம்மா வேணும்."

"அம்மாவுக்குப் பதினாலாம் நம்பர் ஃபார்ம். அம்மா கையெழுத்து வாங்கிட்டு வா."

"அவ அந்த வீட்டுக்குள்ள இருக்கா மேடம்."

"அந்த வீட்டுக்குள்ள ஃபார்ம் போகக் கூடாது."

"அப்ப எப்படி வாங்குறது?"

"அதுக்குத்தான் யாரும் வாங்குறதில்ல" என்று அருள்மணி மேடம் பொறுமையாகச் சொன்னார்கள். "உங்கம்மா என்ன வேல?"

"அளத்துல உப்பு வாருதா."

"அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா. கூலின்னு போட்டுக்கிடுதேன். எல்லாம் அதுல அடங்கிரும்."

"அடங்காது" என்றாள் வடிவு. குரல் அந்த நீள வராந்தாவின் கடைசித் தூண் வரை போய்த் திரும்பி வந்தது. "ஒங்கம்மாவ எந்தக் கட்டத்துல போட்டீங்க?"

மேடத்தின் பேனா நின்றது. "நானும் இங்க படிச்ச பிள்ளைதான். எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிட்டு இருந்தாங்க. இப்ப ஹவுஸ்ல. ஏ பிளாக்குக்குப் பின்னால பழைய ஹவுஸ் ஒண்ணு இருக்குல்ல, அதுல. இருபத்தாறு வருஷமாச்சு." ஃபார்மை மடித்து உள்ளே வைத்தார்கள். "நல்லாத்தான் இருக்காங்க. சிரிச்சுக்கிட்டே இருக்காங்க."

ஜன்னல் மூடிக்கொண்டது.

மறுநாள் பத்தரை மணிக்குச் செமினார் ஹாலில் பிரின்சிபலும் வந்து உட்கார்ந்தார். அறுபத்திரண்டாவது பதிவு முடிந்தால் இங்கிலீஷ் வகுப்பு வெற்றிகரமாக முடிந்ததாக மேலிடத்துக்கு எழுதலாம். கேக் கூட வாங்கி வைத்திருந்தார்கள். அந்த பிசினஸ்மேன் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நாலே வாக்கியம். அப்புறம் தேங்க் யூ. முடிச்சிரும்மா" என்றார் கொழுந்து சார்.

வடிவு மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள். கையில் ஜெராக்ஸ் இல்லை. ஜெராக்ஸ் இல்லாமல் அந்த மைக்கை யாரும் பிடித்ததில்லை. மைக் ஒரு தடவை இருமியது.

"மை மதர் நேம் பூங்கனி" என்றாள் வடிவு. "நோ ஹவுஸ் வொய்ஃப்."

பிரின்சிபல் நிமிர்ந்தார்.

"மார்னிங் ஃபோர் ஓ க்ளாக் கோ. சன் கம். ஹெர் ஐ பர்ன். லெக் கட். வாட்டர் கோ இன் தி கட். ஷீ ஸ்டாண்ட். ஷீ மேக் சால்ட்."

"இது இங்கிலீஷே இல்ல" என்றார் பிரின்சிபல். "நிறுத்தச் சொல்லுங்க சார் அத."

கொழுந்து சார் எழுந்தார். எழுந்தவர் கையேட்டின் நாலாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் சொன்னால் போதும் என்றுதான் இருந்தது. நல்ல இங்கிலீஷ் என்று எங்கேயும் இல்லை. முப்பது வருஷமாக அதை அவர் கவனிக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வடிவு விரலை நீட்டினாள். முதலில் பிரின்சிபலை. "யூ ஈட்." பிறகு சாரை. "யூ ஈட்." பிறகு வரிசையாக. "யூ ஈட். யூ ஈட். யூ ஈட். எவ்ரி டே ஈட். நோ ஒன் ஆஸ்க் ஹூ."

அவளுக்கு மூச்சு வாங்கியது. அழுகை இல்லை. அழுகிற மாதிரியான கோபமில்லை அது.

பத்தே முக்காலுக்குப் பிரின்சிபல் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வாயிலிருந்து கொரகொரவென்று உப்பு கொட்டியது. கைக்குட்டையை விரித்துப் பிடித்தார். அது நிரம்பியது. கேக்கின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது க்ரீம் இல்லை. ஹாலின் தரையில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறி, பெஞ்சுகளுக்கு நடுவே பாத்தி பாத்தியாக நின்றது. எல்லாரும் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். பிரின்சிபல் பூட்ஸ் கேட்டார். அளத்தில் இருபது வருஷமாகப் பூட்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதவு திறந்தது. நைட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு பூங்கனி தண்ணீரில் நடந்து வந்தாள். அவளுக்கு அந்தத் தண்ணீரில் நடக்கத் தெரியும். பாதத்தில் வெடிப்புகள் வந்து சேர்ந்திருந்தன.

"ஏட்டி!" என்றாள். "யாருட்டி என்னையக் கொண்டுபோய் நாற்காலியில ஒக்கார வச்சது?"

"நாந்தாம்மா."

"எதுக்கு?"

"ஒன் வேலையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அது மைக்கில் கேட்டது. தமிழில் சொன்னதால் எதுவும் நடக்கவில்லை. பூங்கனியின் முகம் மட்டும் மாறியது.

"இப்ப?"

"இப்ப கோவமா இருக்கு."

"அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பூங்கனி. பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து புடவை இருக்க வேண்டிய இடத்தில் நைட்டி இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

பிரின்சிபல் கைக்குட்டைக்குள்ளிருந்து, "தேங்க் யூ. தேங்க் யூ சொல்லிட்டு எறங்கச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டால் பதிவு முடிந்துவிடும். தண்ணீர் இதற்கு மேல் ஏறாது.

வடிவு அம்மாவைப் பார்த்தாள். "சொல்லவாம்மா?"

பூங்கனி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேடை, மைக், கேக், காலைத் தூக்கிக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்கள்.

"எதுக்கு?" என்றாள்.

வடிவு சொல்லவில்லை. சொல்லாத வரை அவள் முறை முடியாது. முடியாத வரை மைக் அவளுடையது; யார் அம்மாவைப் பற்றியும் அவள் சொல்லலாம்.

முதல் வரிசையில் ஜெனிட்டா என்ற பெண் கையைத் தூக்கினாள். அவள் தேங்க் யூ சொல்லி முடித்தவள், யாரையும் நம்பிவிடுகிறவள். இப்போது வடிவை நம்பினாள்.

"எங்கம்மா பஸ் கண்டக்டர்" என்றாள் மெதுவாக. "தென்காசி வண்டி. இன்னும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கா."

டீ மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

வடிவு மைக்கை நிமிர்த்தினாள்.

"ஒங்கம்மா பேரச் சொல்லு" என்றாள்.