பார்வைக் கவுதாரி

திருச்சுழியிலிருந்து பரளச்சிக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் கரிசல் நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்க, நீரற்ற கண்மாயின் வயிற்றில் ஆடுகள் படுத்து அசைபோட, உடைமரங்கள் தம் காலடிக்கும் போதாத நிழலை ஈந்து நிற்க, ஞாயிறு மேலைவானில் இறங்கும் வேளையில் உளியோசை ஒன்று மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டின் புரட்டாசித் திங்கள். மழை பொய்த்து மண் சலித்திருந்த காலம். கற்றறிந்த அன்பரே, அவ்வோசையைப் பற்றிக்கொண்டு நடந்தால் கல்தச்சன் மொக்கையனின் பட்டறையை அடைவீர்.

அம்மியும் ஆட்டுரலும் கொத்தி வயிறு வளர்த்தவன் மொக்கையன். அவன் நெஞ்சமோ காட்டுயிர்களிடத்தே கிடந்தது. கழுத்தை வளைத்துப் பார்க்கும் உடும்பும், சினந்து மயிர் சிலிர்த்த கீரியும், இரை நோக்கிக் குனிந்த காடையும் அவன் கைபட்டுக் கருங்கல்லில் பிறந்திருந்தன. அவன் மனைவி பிச்சையம்மாள் நெடுந்தொலைவு நடந்து சுமந்துவந்த நீரில் ஒரு பங்கைப் பட்டறை முற்றத்துக் கல்தொட்டியில் ஊற்றி வைப்பாள். குஞ்சுகளை முன்னே விட்டுப் பின்னே காவலாய் வரும் கவுதாரித் தாயொன்று அத்தொட்டியை நம்பியே அவ்வறட்சியைக் கடந்தது. அது வாராத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

அத்தாயை நாள்தோறும் கண்ட மொக்கையன், குஞ்சணைக்கச் சிறகைத் தாழ்த்தும் கோலத்தில் அதனைக் கல்லில் வடித்து, வேறிரண்டு கவுதாரி உருவங்களோடு தொட்டியருகே வைத்தான். காட்டுக் கவுதாரிகளோ அவற்றை இனமென்றே எண்ணி, அச்சமின்றி அருகே இறங்கிக் கொத்தித் திரிந்தன. கண்டவன் தரையில் கால் பாவாமல் நின்றான்.

“பறவையே ஏமாந்துபோகுது பாத்தியா, பிச்ச!”

“வாயில்லாத சீவனை ஏமாத்துறது ஒரு பெருமையாக்கும்? வேட்டைக்காரன் காதுல விழுந்துச்சுன்னா பார்வைக்கு வச்சுருவான். வெளிய சொல்லாதீக” என்றாள் அவள்.

காட்டுப் பறவையை வலைக்குள் இறக்க வேட்டுவர் பழக்கி வைக்கும் பறவைக்குப் ‘பார்வை’ என்று பெயர். மொக்கையன் கேட்டானா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவன் தேநீர்க்கடையில் அமர்ந்து, தன் கல்லுக்குக் கவுதாரி மயங்கிய கதையை வாய் ஓயாமல் அளந்தான்.

கேட்டிருந்தவர்களுள் ஒருவர் நிலக்கிழார் சங்கரபாண்டியன். இருமுறை விதைத்த சோளத்தையும் பறவைகள் கிளறித் தின்றுவிட, மூன்றாம் விதைப்புக்கு நின்றவர் அவர். மறுநாளே பட்டறைக்கு வந்தார்.

“அய்யனாருக்குக் கவுதாரி உருவம் நேர்ந்திருக்கேன், மொக்கையா. இதுக தொல்லை தீரணும்.”

பாம்பால் இடருற்றவன் பாம்புருவையும், கண்ணோய் கொண்டவன் கண்ணுருவையும் காவல் தெய்வத்தின்முன் வைத்து வேண்டுவது அந்நாட்டு வழக்கம். ஆகவே ஐயுற இடமில்லை. “சாமிக்குன்னா கூலி எதுக்குங்க, மொதலாளி?” என்று மொழிந்து, மூன்று உருவங்களையும் அவனே வண்டியில் ஏற்றிவிட்டான். தன் படைப்பு தெய்வத்தின்முன் நிற்கப்போகிறதென்னும் செருக்கு அவன் கண்ணை மறைத்தது.

அடுத்த நாள் தொட்டியில் நீர் அலுங்காமல் கிடந்தது. பிச்சையம்மாளின் முகம் வெளிறக் கண்ட மொக்கையன் அய்யனார் கோவிலுக்கு ஓடினான். அங்கே உருவங்கள் இல்லை. சங்கரபாண்டியனின் நிலத்துக்கு ஓடினான். மூன்றும் வரப்போரம் நின்றன. அவற்றைச் சுற்றி நஞ்சூட்டிய சோளம் இறைந்திருக்க, கவுதாரிகள் கால் விறைத்துக் கிடந்தன. தொட்டிக்கு வந்த தாய், தன்னைப்போல் செய்த கல்லின்மேலேயே கழுத்தைச் சாய்த்திருந்தது.

“சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டீகளே!” என்று அலறினான்.

சங்கரபாண்டியன் தலைநிமிரவில்லை. “மருந்து கலந்து வச்சும் ஒண்ணுகூடக் கிட்ட வரல. ஒன் கல்லைப் பாத்த பெறகுதான் எறங்குச்சுக. இந்த வெதையும் போச்சுன்னா எம்புள்ளைக என்னத்தத் திங்கும்? நீயே சொல்லு.”

மொக்கையன் இறந்தவற்றைக் குழிதோண்டிப் புதைத்தபின், கல் தாயை மட்டும் தோளில் சுமந்து வீடு திரும்பினான்.

அந்திப்பொழுதில் அதனை முற்றத்தில் கிடத்தி, உடைத்தெறியச் சம்மட்டியை ஓங்கினான். அவ்வமயம், அத்தாயின் குஞ்சுகளுள் யாவினும் சிறிதாய், சோளம் விழுங்கும் பருவம் எய்தாமையால் தப்பிய ஒன்று மட்டும் புதரினின்று ஓடிவந்து, பகலெல்லாம் வெயில் குடித்துச் சூடேறியிருந்த அக்கல்லின் சிறகடியில் ஒண்டியது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

“எடுத்துக்கிட்டு வாங்க. அடைக்கோழிக்கு அடியில விட்டுருவோம்” என்றாள் பிச்சையம்மாள்.

“வேணாம் பிச்ச. தாயின்னு நம்பி ஒதுங்கியிருக்கு. அதைப் போயிப் பிரிக்கவா? அதுபாட்டுக்கு இருக்கட்டும்.”

அவன் குரலில் துயரம் இருந்தது. அத்துயரத்தின் அடியில், ஐயகோ, பழைய பெருமையும் இருந்தது. அவள் அதனை உணர்ந்தாள். உணர்ந்தும், அழுதழுது சோர்ந்தவள் மேலும் வாதாடாமல் உள்ளே சென்றாள்.

அன்றிரவு, ஊரே ஏங்கிக் கிடந்த மழை கொட்டித் தீர்த்தது. சங்கரபாண்டியனின் விதை பிழைத்தது. விடிந்ததும் பிச்சையம்மாள் முற்றத்துக்கு வந்து, நனைந்து குளிர்ந்த கல்லின் கீழிருந்து குஞ்சை எடுத்தாள். அது கல்லினும் குளிர்ந்திருந்தது. அதனைக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஒங்க கல்லு செயிச்சிருச்சு” என்றாள்.

கல்லுக்கு உருவம் ஈயலாம், அன்பரே. சிறகடியின் வெம்மையை ஈய எவ்வுளியாலும் ஆகாது. மொக்கையன் இதனைக் கற்றுக்கொண்டான். கற்றதனால் பயன்பெற அப்பொழுது அக்காட்டில் ஒரு கவுதாரியும் எஞ்சியிருக்கவில்லை.