வெயில் படும் ஒரே இடம்

1973 ஜனவரி 11, வியாழக்கிழமை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் தனியே குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இராசமலரிடம் அன்று காலை மூன்று விதைப் பொட்டலங்கள் இருந்தன. நாள் முழுதும் வெயில் படும் நிலம் அவளது வளவில் ஓரிடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தில் ஒரு மருதோன்றி மரம் நின்றது.

விதைகள் இங்கிலாந்திலிருந்து மகள் பவளராணி அனுப்பியவை. பீ பாம் என்று பெயர்; தேனீக்களுக்கு மிகப் பிடித்த பூவாம். சிவப்பு இடுப்பளவு உயரும், காற்றடித்தால் சாயும். இளஞ்சிவப்பு அகலப் பரவும்; ஈரக் காற்றில் இலையெல்லாம் சாம்பல் பூசினாற்போலப் பூஞ்சணம் பிடிக்கும். ஊதா குட்டையானது, நோய்க்கு இலகுவில் மசியாது, அரைநாள் வெயிலும் அதற்குப் போதும்.

"மூன்றையும் கலந்து விதையுங்கோ அம்மா. ஆவணியில் வந்து, பூவுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிப்பம்" என்று மகள் எழுதியிருந்தாள். வருகிறேன் என்று அவள் எழுதுவது இது முதன்முறையன்று. ஆயினும், பூ இருந்தால் வருவாள் என்று நம்ப இராசமலர் விரும்பினாள். மாரி ஓயும் இவ்வேளையில் விதைத்தால், கோடையில் வறண்ட கச்சான் காற்று எழுமுன் செடி வேர் பிடித்துவிடும். ஆகவே மருதோன்றியை வெட்டுவதென்று எண்ணி, வெட்ட வருபவனுக்கு அடையாளமாக அதில் கயிறு கட்டிவைத்திருந்தாள்.

வாசல் படலை கிறீச்சிட்டது. பின்வீட்டு ஆமினா உம்மா ஓலைப்பெட்டியுடன் வந்தாள். பெருநாள் நெருங்கினால் தெருப் பெண்கள் கைக்கு இட இங்கே மருதோன்றி இலை பறிக்க வருவது வழக்கம். கேட்டுப் பறிப்பதில்லை, பெருநாளன்று ஒரு தட்டில் வட்டிலப்பம் வரும், அவ்வளவுதான். அவர்கள் கொப்புகளை முறிப்பதையும், எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பதையும் இராசமலர் ஆண்டுதோறும் கண்டித்து வந்திருக்கிறாள்.

"என்ன டீச்சர், மரத்துட கழுத்துல கயிறு? என்ன குத்தம் செஞ்ச அது?"

"வெட்டப்போறன். பூ வைக்க இடம் வேணும்."

ஆமினா உம்மா சிவப்புப் பொட்டலத்தின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பூவா, சேவல்ட கொண்டையா? என்னத்துக்கு இது?"

"தேனீ வரும்."

"அல்லாஹ்! நாங்க நாலு பேர் வந்து கதைச்சாலே இரைச்சல் எண்டு ஏசுறீங்க. தேனீ மட்டும் வாய மூடிட்டா வரப்போகுது?"

இராசமலருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அதில் இறுகிய முகத்தை ஆமினா உம்மா வேறு விதமாக விளங்கிக்கொண்டாள்.

"போன பெருநாளைக்கு எங்கட புள்ளைகள் கொப்ப முறிச்சதுக்குக் கோவமாக்கும். பரவாயில்ல டீச்சர். ஸல்ஹாட வளவுலயும் ஒரு மரம் இரிக்கி. இனி அங்க பறிக்கிறம். உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டம்."

வெறும் பெட்டியுடன் அவள் போய்விட்டாள். கோபமே இல்லாமல் அவள் போனதுதான் உறைத்தது.

துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலின் ஊதல் கேட்டது; அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. தபாற்காரர் படலைக்கு வெளியே நின்று மணியடிப்பார். பால்காரர் போத்தலை மதிலில் வைத்துவிட்டுப் போவார். படலையைத் திறந்து உள்ளே வருபவர்கள் இந்த மரத்துக்காக வருபவர்கள் மட்டுமே என்பதை இராசமலர் அன்றுதான் நினைத்துப் பார்த்தாள். ஆவணியில் மகள் வராவிட்டால், மூன்று நிறப் பூக்களின் முன்னால் ஒரே ஒரு கதிரையைத்தான் போடவேண்டியிருக்கும்.

கயிறு பனியில் ஊறி இறுகியிருந்தது. முடிச்சு அவிழவில்லை, குசினிக் கத்தியால் அறுத்தாள். பின்வேலிக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"ஆமினா உம்மா! ஸல்ஹா வீட்டு மரத்தில எல்லாருக்கும் இலை காணாது. இங்கேயே வாங்கோ."

"கொப்பு முறிஞ்சா?"

"ஏசுவன்தான்."

"அப்ப வாறம்."

இறுதியில் முடிவானவை இவை: மருதோன்றி நிற்கும். காலை வெயில் மட்டும் படும் கிணற்றடியில், இரண்டு சாடிகளில் ஊதா விதைக்கப்படும். சிவப்பும் இளஞ்சிவப்பும் அலுமாரிக்குள் இருக்கும். ஊதா ஒன்றே போதும் என்றும், வரும் திகதியைத் தெளிவாக எழுதவேண்டும் என்றும் மகளுக்கு அறிவிக்கப்படும். பெருநாளுக்கு முந்திய நாள், விடிந்ததும் படலையின் கொளுக்கி கழற்றிவைக்கப்படும்.