பக்கத்து சீட்டுக் கண்ணாடி

பளிச்சு என்பது அவனுக்குக் கடையில் வைத்த பெயர். வார நாளெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. ஃப்ரேமில் லென்ஸை அமுக்கி உட்கார வைத்து, வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விட்டு, துணியால் ஒரு சுற்று சுற்றி, “பளிச்சுன்னு இருக்கு பாருங்க” என்று நீட்டுவான். நாள் பூராவும் இதையே சொன்னால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். அதைப் பற்றி அவனிடம் கேட்டுவிடாதீர்கள், முகம் சுண்டிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார். ‘கார் கழுவுகிறவன்’ என்று சொன்னால் அவனுக்குப் பொத்துக்கொண்டு வரும். தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போக யார் வேண்டுமானாலும் போதுமே. இவன் செய்வது டீட்டெயிலிங். ஏசி துவாரத்துக்குள் பெயின்ட் பிரஷ்ஷை விட்டுத் தூசியை வழித்தெடுப்பான். சீட்டுத் தையலுக்குள் பல் தேய்க்கிற பிரஷ். எல்லாம் கை வேலைதான். காரை முழுக்க முடித்த பிறகு, ஒரே துணியோடு எல்லாக் கண்ணாடிக்கும் உள்பக்கமாக ஒரு சுற்று. மூச்சு பட்டால்தான் கண்ணாடி ஒளித்து வைத்திருக்கிற கைரேகையும் பிசுக்கும் வெளியே வரும். மூச்சு விட வேண்டியது, துடைக்க வேண்டியது. அந்தச் சுற்றுக்கு அவனுக்கு மூளையே தேவையில்லை, கை தானாகப் போகும். வினை வந்தது அங்கேதான்.

அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கார்களில் டீச்சருடையதும் ஒன்று. டீச்சர் ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாள். அவளுடைய மகனுக்கு ரத்தத்தில் நோய் இருந்தது. சிகிச்சைக்கு அவள்தான் காரில் கூட்டிக்கொண்டு போய் வருவாள். திரும்பும்போதெல்லாம் அவன் அலுத்துப்போய், பக்கத்து சீட்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கிவிடுவான். போன வருடம் ஒரு நாள் டீச்சர் தனியாகத் திரும்பி வந்தாள்.

இதையெல்லாம் பளிச்சு வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னாள். சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, குனிந்து, அந்தக் கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்ல மூச்சு விட்டாள். கண்ணாடி வெள்ளையாக மங்கியது. நடுவில் ஒரு நெற்றியின் அளவு மட்டும் மங்காமல் நின்றது. புருவத்தின் கோடுகூடத் தெரிந்தது.

“தெனமும் காலையில வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போவேன். வேற எதை வேணா தேய் தம்பி, இதை மட்டும் தொடாதே.”

“உயிரே போனாலும் தொட மாட்டேன் டீச்சர்,” என்றான் பளிச்சு. வாய் ரொம்பப் பெரிய வாய்.

சும்மா சொல்லக் கூடாது, பல மாதம் கண்ணும் கருத்துமாகத்தான் இருந்தான். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் ஞாபகத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலையையே தொடங்குவான். அந்த ஞாயிற்றுக்கிழமை டேப் தீர்ந்திருந்தது. கண்ணாடிச் சுற்றை ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, அம்மா வர்றாங்களாம். ஒரு மாசம் இருப்பாங்களாம்.”

“ஒரு மாசமா?”

“ஏன் இழுக்கிறீங்க?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இழுக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்து முடிக்கும்போது கார் முடிந்திருந்தது. கை கடைசியாக நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். பக்கத்து சீட்டுக் கண்ணாடி. மூச்சு விட்டுப் பார்த்தான். ஒரு கீறல், ஒரு பிசுக்கு கிடையாது. அவன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கண்ணாடியைத் துடைத்திருக்க மாட்டான்.

மாடிப்படியில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது. நல்ல மனுஷன் என்றால் நேரே போய்க் காலில் விழுந்திருப்பான். இவனுக்கோ தொழில் புத்தி. சட்டென்று அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வேர்த்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்த தன் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திப் பதித்தான். மூச்சு விட்டுச் சரிபார்த்தான். நெற்றி, புருவம், எல்லாம் கச்சிதம். இறங்கி வாளியைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல நின்றான்.

டீச்சர் வந்தாள். குனிந்தாள். மூச்சு விட்டாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

“சரி தம்பி,” என்றாள்.

தப்பித்தோம் என்று நினைத்தான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவன் நெற்றியில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. அவன் தேய்த்துக்கொண்டிருந்தது புதினா பேஸ்ட். வந்த வாசனை கிராம்பு. திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு, அதே இடத்தில். யாரோ மிகப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, பொறுமையாக, நெற்றியில் மூச்சு விடுவதுபோல. கையால் துடைத்தான். போகவில்லை. மூச்சு முடிகிற வரைக்கும் அது இருந்தது.

பிறகு கடையில் வந்தது அடுத்த அடி. லென்ஸை வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்றான். மங்கவில்லை. இன்னொரு தடவை. லென்ஸ் அப்படியே தெளிவாக இருந்தது. குழாயடியில் நனைத்துத் துடைத்துச் சமாளித்தான். பக்கத்து மேஜைக்காரன், “என்னடா பளிச்சு, மூச்சு நின்னு போச்சா?” என்று சிரித்தான். பளிச்சு சிரிக்கவில்லை.

வீட்டில் அவனுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஜன்னல் கண்ணாடியில் அவன் மூச்சு விடுவான், அது மறைவதற்குள் அவள் விரலால் ஒரு முகம் வரைவாள். அன்று சாயங்காலம் அவன் நெஞ்சு வலிக்க மூச்சு விட்டான். மகள் விரலை நீட்டியபடியே காத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு வரல,” என்றாள் கடைசியில், அம்மாவிடம். பிறகு தானே கண்ணாடியில் ஊதி, தானே வரைந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. கடைவீதியில் ஆளைக் கண்டதும் திறக்கிற கதவு அவனுக்குத் திறக்கவில்லை, பின்னால் இன்னொருவர் வர வேண்டியிருந்தது. மாமியார் வந்திறங்கி, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் தன் பையை வைக்கப் பார்த்தாள். அதைக்கூட வேண்டுமென்றே செய்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். மனைவி சாப்பிடத் தட்டு வைக்கும்போது அவனுடையதை விட்டுவிட்டு, “அட, நீங்க எப்ப வந்தீங்க?” என்றாள். அவன் ஒரு மணி நேரமாக அவள் எதிரில்தான் இருந்தான். அதையும் பொறுத்துக்கொண்டான். ஆனால் சனிக்கிழமை மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் திரும்பி, அவன் இருக்கிற பக்கத்தை உற்றுப் பார்த்தாள். பார்வை அவனுக்குள் புகுந்து பின்சுவரில் போய் நின்றது. பிறகுதான் மெல்ல, “அப்பா,” என்றாள், சந்தேகமாக. இன்னும் ஒரு வாரம் விட்டால் இந்தப் பிள்ளைக்கு நாம் யாரோ என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டீச்சர் வீட்டுக்கு ஓடினான். அழைப்புமணியை அவன் எவ்வளவு அழுத்தியும் அது அடிக்கவில்லை. கதவைத் தட்டினான். டீச்சர் திறந்ததும் நேரே அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவனைச் சட்டென்று பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

“டீச்சர், அது உங்க பையன் நெத்தி இல்ல. நான் மறந்துபோய்த் தொடச்சிட்டேன். என் நெத்திய வச்சு ஏமாத்திட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அவன் உயரம் தம்பி. அது ஒரு சாண் மேல இருக்கணும். பெத்தவளுக்குத் தெரியாதா?”

“பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல? தெனமும் ஏன் மூச்சு விட்டீங்க? இப்ப வீட்டுல யார் கண்ணுக்கும் நான் சரியாத் தெரியல.”

டீச்சர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினாள். “வெறும் கண்ணாடிய என்னால பாக்க முடியலப்பா. யாரோ ஒருத்தர் நெத்தியாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். அது உன்னை இப்படிப் பண்ணும்னு நான் நினைக்கல.”

“அதைத் தொடைக்கணும் டீச்சர். எனக்கு வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா.”

அவள் மறுக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் இறங்கினாள். அவள் டிரைவர் சீட்டில் ஏற, அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். துணியை எடுத்து, மூச்சு விட்டான். கண்ணாடி மங்கவில்லை. தடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. குத்துமதிப்பாகத் துடைக்கிற வேலை இல்லை இது, ஒரு ஓரம் நின்றுபோனால் தன்னில் எந்த ஓரம் நின்றுபோகுமோ யார் கண்டது?

“நகரு,” என்று சொல்லி டீச்சர் டிரைவர் சீட்டிலிருந்து சாய்ந்து, அவனைத் தாண்டி, கண்ணாடியில் மூச்சு விட்டாள். தடம் வந்தது. அதே நேரம் அவன் நெற்றியில் வெதுவெதுப்பு வந்தது. அவள் விட விட, அவன் துடைத்தான். துணி நகர நகர நெற்றியில் இடம் இடமாகக் குளிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் மூச்சு கண்ணாடியில் ஒரே சீராகப் படர்ந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. அவள் நிமிர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்தாள்.

பளிச்சு மூச்சு விட்டான். மங்கியது! மகள் ஒரு முகமென்ன, ஒரு குடும்பத்தையே வரைகிற அளவுக்கு மங்கியது. பாழாய்ப்போன வாய், பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

“பளிச்சுன்னு...”

பாதியில் நிறுத்திவிட்டான். டீச்சர் திரும்பவில்லை.

“பளிச்சுன்னு ஆயிடுச்சா?” என்றாள். அந்தக் குரல், செத்தவனை இன்னொரு தடவை தூக்கிக்கொடுத்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எந்த வார்த்தையைக் கொண்டு கேட்பது?

கண்ணாடியில் அவன் விட்ட மூச்சு ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வந்தது. மேலே ஒரு இடம் மட்டும் மறையவில்லை. வெளிப்பனி என்று நினைத்து விரலால் தொட்டான். விரல் ஈரமானது. உள்பக்கம். பார்க்கப் பார்க்க அந்த மங்கல் கொஞ்சம் விரிந்தது, கொஞ்சம் சுருங்கியது, மறுபடி விரிந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். டீச்சர் இன்னும் முன்னால் பார்த்தபடிதான் இருந்தாள். அவன் பதித்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, மங்கலுக்கு நடுவில், ஒரு நெற்றி தெளிந்து வந்தது.

டீச்சர் அப்போதுதான் திரும்பினாள். பார்த்தாள். அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்த பையனிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“எழுந்திரு தம்பி. நீ அவன் மேல உக்காந்திருக்க.”

கதவை எப்படித் திறந்தான், எப்படி இறங்கினான் என்று அவனுக்கு இன்றுவரை ஞாபகமில்லை. வெளியே நின்று திரும்பிப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ சீட்டைத் தேய்த்தவன் அவன். ஆள் எழுந்தால் மெத்தை மெல்ல மேலே வரும். அந்த சீட்டில் பள்ளம் அப்படியே இருந்தது.